பதினாலாம் முகவரி

அந்த வீட்டில் வைஃபையில் இணைந்திருப்பவை மொத்தம் நான்கு. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய போன் ஒன்று, மடிக்கணினி ஒன்று, கூடத்து டிவி ஒன்று, அன்று காலை கணவரின் அறைச் சுவரில் அவள் ஆணி அடித்து மாட்டிய கேமரா ஒன்று. ஆனால் தம்பி சொன்னபடி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தபோது வந்த பட்டியலில் ஐந்து வரிகள் இருந்தன. நான்கு வரிகளில் பெயர் இருந்தது. ஐந்தாவதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

"அஞ்சு காட்டுதுடா," என்றாள். போன் ஸ்பீக்கரில், மேசை மேல் கிடந்தது.

"பழைய போன் ஏதாவது இருக்கும்க்கா. மாமாவோடது?"

"அது எட்டு மாசமா பீரோக்குள்ள செத்துக் கெடக்கு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது.  தம்பி கடல் தாண்டி இருக்கிறான், கணினி வேலை, கைக்குழந்தை வேறு. அக்காவுக்கு என்ன சொல்லி ஆறுதல் கொடுப்பது என்று தெரியாமல் எட்டு மாதமாகக் கம்ப்யூட்டர் யோசனைகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கும் வேறு என்ன தெரியும்!

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன் உன் வைஃபைய ஓசியில உறிஞ்சறான். பாஸ்வேர்ட மாத்து."

மாற்றினாள். பட்டியல் காலியாயிற்று. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. புதிய பாஸ்வேர்டை அவள் நான்கு கருவிகளில்தான் போட்டாள். ஐந்தாவது வரி, யாரும் போடாமலேயே, கடைசியாக வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் தம்பியிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் அவன் ஏதாவது சொல்லுவான், அதைச் செய்ய வேண்டும், செய்த பிறகும் அது இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் முக்கால்வாசி விஷயங்களை அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, பாதி சவரம் செய்த முகத்தோடு அவர் குளியலறைத் தரையில் விழுந்தார். தலைக்குள் ரத்தக்கசிவு. ஆபரேஷன் முடிந்து, ஐம்பது நாள் கழித்து, மூக்கில் ஒரு குழாயும் பக்கத்தில் சிறுநீர் இறங்கும் ஒரு பையுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர், பூசி மெழுகவில்லை. "கண் தெறந்திருக்கும்மா, ஆனா பாக்கல. இமைக்கும், அது உடம்போட பழக்கம். உள்ள அவர் இருக்கார்னு நெனச்சு நீங்க ஏமாறக் கூடாது," என்றார். முதல் இரண்டு மாதம் அவள் அழுதாள். அப்புறம் அழுகை நின்றுபோயிற்று. மனசு ஆறவில்லை, மரத்துப்போயிற்று, அவ்வளவுதான். இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள், பவுடர் போட்டாள், பையைக் காலி செய்தாள். அவரெதிரே நின்றுகொண்டே போனில் பேசினாள், அவரைப் பற்றியே பேசினாள், பீரோ எதிரில் நின்று பேசுகிற மாதிரி.

ஆனால் ஒரு பயம் மட்டும் மரக்கவில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற சிஸ்டர் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். இவள் தன் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்து வீடு சேர ஐந்தரை ஆகும். நடுவில் மூன்றரை மணி நேரம் அவர் தனியாகக் கிடப்பார். போன மாதம் ஒரு நாள் அவள் கதவைத் திறந்தபோது சளி தொண்டையில் அடைத்து உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் முடிந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு மணி அடித்தாலே அவள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். அதற்காகத்தான் இந்தக் கேமரா. தம்பி எப்போதோ வாங்கி விட்டுப்போனது. அதைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள், அதன் ஆப் வேலை செய்யாது. வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் ரவுட்டரில்தான் வழி திறக்க வேண்டும்.

"போர்ட் ஃபார்வர்டிங்னா ஒண்ணுமில்லக்கா," என்றான் தம்பி. "ரவுட்டர் ஒரு வாட்ச்மேன்னு வெச்சுக்கோ. உள்ள இருக்கறவங்க வெளிய போலாம், வரலாம். வெளியாள் வந்து நின்னா, அப்படி யாரும் இங்க இல்லைன்னு வெரட்டிடும். இப்ப நாம அதுகிட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுக்கறோம். எட்டு சுழி எட்டு ஒண்ணுன்னு சொல்லிட்டு எவன் வந்தாலும், கேள்வி கேக்காம நேரா பதினாலாம் நம்பர் ரூமுக்கு அனுப்பிடு. பதினாலுங்கறது உன் கேமராவோட அட்ரஸ். அவ்ளோதான்."

"எவன் வந்தாலுமா?"

"நீதான் வரப் போற. வேற எவனுக்கு உன் வீட்ல என்ன வேலை?"

அவன் சொல்லச் சொல்ல அவள் கட்டங்களை நிரப்பினாள். எட்டு சுழி எட்டு ஒன்று. கடைசியில் பதினாலு. அந்தப் பதினாலைக் கேமராவுக்கென்றே கட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எண்களை இஷ்டத்துக்குப் பங்கு போட்டுவிடும் என்றான். அதற்குள் அங்கே குழந்தை வீரிட்டது. "அத அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்க்கா, ஒண்ணும் குடி முழுகிடாது," என்றான். அவள் சேவ் பொத்தானை அமுக்கினாள். ரவுட்டரின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எல்லாம் சரியாகவே நடந்தது. பரிசோதனைக் கூடத்தில் நுண்நோக்கிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டாள். ரத்தம் தடவிய ஒரு கண்ணாடிச் சில்லுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எட்டிப் பார்ப்பாள். சுவரின் உயரத்திலிருந்து அறை தெரியும்: கம்பி வைத்த கட்டில், போர்வைக்குள் அவர், மூக்குக் குழாய், காற்றுமெத்தையின் மோட்டார், பாதி இழுத்த திரை. மார்பு ஏறும், இறங்கும். அவ்வளவு போதும். அவள் திரும்பவும் குனிந்து அணுக்களை எண்ணத் தொடங்குவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுப் பக்கம் அரை மணி நேரம் கரண்ட் இல்லை என்று சிஸ்டர் கிளம்பும்போது செய்தி அனுப்பியிருந்தாள். மூன்று மணிக்கு அவள் போனை எடுத்துப் பார்த்தாள். படம் வந்தது. ஆனால் கட்டிலைக் காணவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று திரை முழுக்க நிறைந்திருந்தது. கேமரா ஆணியோடு கழன்று மல்லாக்க விழுந்துவிட்டது போலிருக்கிறது, சனியன், என்று நினைத்தாள். உற்றுப் பார்த்தாள். அது அறையின் மேல்தளம்தான். நடுவில் மின்விசிறி. மூலையில் மழைநீர் கசிந்து காய்ந்த பழுப்புக் கறை. இடது ஓரத்தில் குழாய்க்கஞ்சி தொங்கவிடும் கம்பி.

அந்தக் கம்பி கட்டிலின் தலைமாட்டில் இருப்பது. கேமரா விழுந்திருந்தால் எதிர்ச்சுவர் ஓரம், தரையில் கிடக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இந்தக் கம்பி இவ்வளவு பக்கத்தில் தெரியாது.

படம் ஒரு கணம் இருண்டு, திரும்ப வந்தது.

இணைப்புக் கோளாறு என்று நினைத்தாள். மறுபடி இருண்டது. வந்தது. நான்கு நொடி. இருட்டு. ஐந்து நொடி. இருட்டு. அவள் கை, கேட்காமலேயே, அணுக்களை எண்ணுகிற கருவியின் பொத்தானை அமுக்கத் தொடங்கியது. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை. இருட்டு பக்கவாட்டிலிருந்து வரவில்லை, ஒரே அடியாகவும் வரவில்லை. மேலிருந்து இறங்கி, கீழே தொட்டு, மேலே போயிற்று. ஒலியைக் கூட்டினாள். காற்றுமெத்தை மோட்டாரின் முனகலும், அதற்கு மேலே, மிக மிகப் பக்கத்தில், மூக்குக் குழாயைச் சுற்றிச் சீறிக்கொண்டு போய் வருகிற மூச்சும் கேட்டன.

அந்த மூச்சை அவளுக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"கரண்ட் போச்சுல்ல, அதான். கேமராவுக்கு வேற நம்பர் விழுந்திருக்கும். வீட்டுக்குப் போய் லிஸ்ட்டப் பாரு. புது நம்பர ரூல்ல போடு, வந்துடும்."

"அப்ப இப்ப பதினாலுல யாரு?"

"யாரோ. டிவியா இருக்கும். பழச எடுத்துடு."

அவள் போனை வைத்துவிட்டாள். பார்த்ததை எப்படிச் சொல்லுவாள்? அக்காவுக்குக் கழன்றுவிட்டது என்று அவன் அடுத்த விமானம் பிடித்து வந்து நிற்பான்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கட்டிலருகே போய் நின்றாள். கேமரா சுவரில் மாட்டிய இடத்திலேயே இருந்தது. அறையில் கிருமிநாசினி வாடையும் பவுடர் வாடையும், அவற்றுக்கு அடியில் எப்போதும் இருக்கிற அந்தப் புளித்த வாடையும். போனில் மேல்தளம். அவள் மெல்லக் குனிந்தாள். போனில் ஒரு முகவாய் வந்தது, இரண்டு மூக்குத் துவாரங்கள் வந்தன, கண்ணுக்கடியில் கருவளையம் போட்ட ஒரு பெண்ணின் முகம் கீழிருந்து பார்த்தபடி வந்தது. இவ்வளவு கிழடு தட்டிப்போய்விட்டதா எனக்கு என்று ஒரு எண்ணம், அந்த நேரத்திலும், ஓடிற்று. அவர் இமைத்தார். போன் இருண்டது. இமை திறந்தது. போனில் அவள் முகம்.

வலது பக்கம் நகர்ந்தாள். கட்டிலில் கிடந்த கண்கள் அசையவில்லை. ஆனால் போனில் படம் அவளோடேயே வலது பக்கம் திரும்பியது.

"என்னங்க," என்றாள். "என்னங்க, தெரியுதா நான்?"

படம் கலங்கிற்று. கண்ணாடியில் தண்ணீர் வழிகிற மாதிரி கலங்கிற்று. கட்டிலில் கிடந்த முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருக்கிறார். எட்டு மாதமாக உள்ளேயே இருந்திருக்கிறார். அவள் அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு நாத்தனாரிடம் "இதுக்கு ஒரேயடியா போயிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்று சொன்னபோதும் இருந்திருக்கிறார். மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கினால் எப்படிக் குத்துமோ, அப்படி நெஞ்சில் குத்திற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை டாக்டரைக் கையோடு கூட்டிவருவேன், இந்தப் போனைக் காட்டுவேன், நீங்க இருக்கீங்கன்னு அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ரவுட்டர் பட்டியலில் கேமராவுக்குப் பதினாறாம் எண் விழுந்திருந்தது. பதினாலுக்கு நேரே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சின்னக் கோடு இருந்தது. கேமராவுக்கென்று எட்டு சுழி எட்டு இரண்டு என்று இன்னொரு வழி திறந்தாள். பழையதை எடு என்று தம்பி சொல்லியிருந்தான். அவள் எடுக்கவில்லை. எந்தப் பெண்தான் எடுப்பாள்! அந்த வழியாகத்தானே அவரோடு இருக்க முடிகிறது.

வெள்ளிக்கிழமை அவள் நுண்நோக்கியைத் தொடவே இல்லை. போனின் திரையை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டாள். மேல் பாதியில் கேமரா காட்டும் அறை. கீழ்ப் பாதியில் அவர் பார்க்கும் மேல்தளம். இரண்டு மணிக்கு சிஸ்டர் போர்வையைச் சரிசெய்தாள், வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். நிமிடத்துக்குப் பதினைந்து இமைப்பு. மோட்டார் சத்தம். மூச்சு. அவளுக்கு அது ஏதோ அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இதமாக இருந்தது.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கீழ்ப் பாதி திரும்பியது.

மேல்தளம் சரிந்தது. சுவர் வந்தது. கதவு வந்தது. இந்த இரண்டு நாளில் அவர் கதவைப் பார்த்ததே இல்லை. கதவு பாதி திறந்திருந்தது, கூடத்தின் ஒரு துண்டு தெரிந்தது, ரவுட்டரின் பச்சை வெளிச்சம் தரையில் மினுங்கிற்று. அங்கே காலடிச் சத்தம். அவசரமில்லாத காலடி. ஒரு பெரிய கட்டிடத்தின் நடையில் யாராவது கதவெண்களைப் படித்துக்கொண்டே போவார்களே, அப்படி. நிற்கும். நகரும். நிற்கும். இந்த அறை வாசலுக்கு வந்து நின்றது.

யாரோ ஒருவர், சீட்டைப் பார்த்துப் படிப்பது போல, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எட்டு. சுழி. எட்டு. ஒண்ணு."

மேல் பாதியைப் பார்த்தாள். கேமராவில் அறை அப்படியே இருந்தது. கதவருகே யாரும் இல்லை. திரை அசையவில்லை. அவர் மல்லாந்து கிடந்தார்.

கீழ்ப் பாதியில் வாசலை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. உயரம். கதவு நிலைக்கு மேலே தலை இருக்க வேண்டும், தெரியவில்லை. அது உள்ளே வந்தது. ஜன்னல் வெளிச்சம் மங்கியது. கட்டிலின் காலடியில் நின்றது. பிறகு பக்கவாட்டில். பிறகு குனிந்தது.

இமைப்புகள் கூடின. இருபது. முப்பது. அவள் எண்ணுவதை விட்டாள்.

பையை எடுத்தாளா என்று நினைவில்லை. மேலதிகாரி எதையோ கேட்டார், பதில் சொன்னாளா என்றும் நினைவில்லை. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தபோது போன் கையில் இருந்தது. கீழ்ப் பாதி முழு இருட்டு. இமை மூடிய இருட்டு. திறக்கவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் தூரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்."

"சிக்னல்ம்மா. பறக்கவா முடியும்?" என்றார் டிரைவர்.

மேல் பாதியில் ஏதோ அசைந்தது. போர்வையின் மேல், அவருடைய வலது கை. எட்டு மாதமாக அவள் தூக்கி வைத்தால் ஒழிய நகராத கை. அது எழுந்தது. முகத்துக்கு நேராக வந்து நின்றது. விரல்களை மடக்கியது. நீட்டியது. உள்ளங்கையைப் பார்த்தது, திருப்பிப் புறங்கையைப் பார்த்தது. கடையில் புதுக் கையுறையை மாட்டிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பதினால எப்படிடா எடுக்கறது?"

"என்னக்கா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"சொல்லு!"

"வெளியேர்ந்து முடியாது. வீட்டுக்குள்ள வைஃபைல இருந்துதான் எடுக்க முடியும். ரூல் பக்கத்துலயே டிலீட்னு இருக்கும். என்னாச்சு?"

"வந்துட்டாங்கடா. நான்தான் தெறந்து விட்டேன். யாரோ வந்துட்டாங்க."

வீட்டுப் பூட்டு பூட்டியபடி இருந்தது. அதுவே அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. திறந்துகொண்டு போனாள். உள்ளே மோட்டார் சத்தம் இல்லை. வாடை வேறாக இருந்தது. ஈரச் சிமெண்ட் வாடை. யாரும் குடிவராத புதுக் கட்டிடத்தின் வாடை.

அவர் அறைக்குப் போகவில்லை. முதலில் வழியை அடைக்க வேண்டும். மேற்கொண்டு எதுவும் வரக் கூடாது. கூடத்துத் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தில் போன், அதன் ஸ்பீக்கரில் தம்பி. பாஸ்வேர்டு தவறு. மறுபடி. பட்டியல். எட்டு சுழி எட்டு ஒன்று. பதினாலு. டிலீட். நிச்சயமாகவா என்று கேட்டது.

ஆமாம்.

சேவ்.

பச்சை விளக்குகள் அணைந்தன. எரிந்தன.

"எடுத்துட்டேன்," என்றாள்.  "எடுத்துட்டேன்டா."

"நல்லது. அவ்ளோதான், முடிஞ்சுது. தண்ணி குடி."

"இன்னும் படம் வருதே."

கீழ்ப் பாதியில் இருட்டு விலகிக்கொண்டிருந்தது.

"ஏற்கெனவே தெறந்த கனெக்‌ஷன் கொஞ்ச நேரம் ஓடும்க்கா. தானா அறுந்துடும். அறுந்துட்டா அந்த வழியா அப்புறம் எதுவும் வரவும் முடியாது, போகவும் முடியாது. நிம்மதியா இரு."

படத்தில் இமை திறந்தது. மேல்தளம் இல்லை. மின்விசிறி இல்லை. சாம்பல் நிறச் சிமெண்ட் நடை ஒன்று நீண்டுகொண்டே போயிற்று. இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாம் சாத்திய கதவுகள். படம் குலுங்கியது. ஓடுகிறவரின் குலுக்கல். ஒரு கதவு பக்கத்தில் வந்தது. ஒரு கை நீண்டு அதைத் தட்டியது. மெலிந்து, ஊசித் தழும்பு படிந்த கை. அவளே நகம் வெட்டிவிட்ட கை.

அவள் போனைக் கையில் எடுத்தாள். அதன் வழியாக அந்தத் தட்டல் கேட்டது. கூடவே அந்த மூச்சு. குழாய் இல்லாத மூச்சு. அதில் அவள் பெயர்.

"வந்துட்டியா?"

இது போனில் இல்லை. அறையிலிருந்து வந்தது. அவருடைய குரல். எட்டு மாதத்துக் கரகரப்போடு, அவரேதான்.

"அக்கா!" என்று தம்பி கத்தினான். "அக்கா, அது மாமாவா? மாமா பேசறாரா? ஐயோ, கடவுளே! பேசறாரா?"

அவள் எழுந்தாள். கால் அதுவாக நடந்தது. அறை வாசலில் நின்றாள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாயை உருவித் தலையணை மேல் சுருட்டி வைத்திருந்தார். திரும்பி அவளைப் பார்த்தார். பார்க்கவே செய்தார், நேருக்கு நேர், மலர்ந்த முகத்தோடு. அவர் எழுந்து உட்காரும் எந்த ஒரு காலைப்பொழுதை எட்டு மாதம் அவள் கடவுளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாளோ, அந்தக் காலைப்பொழுது மாதிரி இருந்தது அந்த முகம்.

"வா," என்றார். "ஏன் அங்கயே நிக்கற?"

போனில் தட்டல் வேகமாயிற்று. அடுத்த கதவு. அடுத்தது. இமைப்புகள் படபடத்தன.

"மாமா! மாமா, நான்தான்! கேக்குதா?" தம்பி விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான். சந்தோஷத்தில்.

"கேக்குது மாப்ள," என்றார் அவர். கண்ணை அவளிடமிருந்து எடுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "அந்த வழிய சாத்திட்டியா?"

அவள் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று.

"நல்ல வேலை பண்ணின."

போனின் கீழ்ப் பாதியில், கை ஒரு கதவின் மேல் இருக்கும்போதே, படம் நின்றது. ஒரு சிறு வட்டம் சுழன்றது. பிறகு வெறும் வெள்ளை.

அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இதமான சூடு. அழுத்தமான பிடி. இன்னொரு கையால் போனை அவள் விரல்களிலிருந்து மெதுவாகக் கழற்றி, அழுதுகொண்டிருந்த தம்பியோடு சேர்த்து, தலையணைக்கு அடியில் வைத்தார். மெத்தையைத் தட்டிக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம், ஒரு சாண் தூரம். மூச்சில் ஈரச் சிமெண்ட் வாடை. அவள் அவர் கண்களையே பார்த்தாள். ஐந்து நொடி. பத்து. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் சிரித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை.